சாமியார் மடத்துப் பிரசவ ஆஸ்பத்திரி

எளாவூருக்கு மேற்கே இருந்த அந்தக் கட்டடத்துக்கு ஊரில் பெயர் சாமியார் மடம். வெள்ளைக்காரச் சாமியார்கள் நாற்பது வருஷம் அதில் ஜெபம் செய்தார்கள். பெண்வாடையே ஆகாது. எவளாவது கேட்டைத் தாண்டினால் சாமியார் சாபம் பிடிக்கும் என்று ஊரே நம்பியது. யுத்தம் வந்தது, சாமியார்கள் போனார்கள், பட்டாளம் வந்து குடியேறியது. பட்டாளம் போனதும் ரேஷன் டிப்போ. அப்போதும் பெண்கள் கேட்டுக்கு வெளியிலேயே நிற்பார்கள். புருஷன்தான் கார்டோடு உள்ளே போய் அரிசி வாங்கி வருவான்.

இப்பேர்ப்பட்ட இடத்தில், ஐம்பத்தாறாம் வருஷம், சர்க்கார் பிரசவ ஆஸ்பத்திரி திறந்தது. எந்தப் புண்ணியவானின் யோசனையோ!

"சாபத்துக்குப் பயந்தா சோறு யாரு போடுவா?" என்று ஆயா வேலைக்குச் சேர்ந்தாள் ஞானம்மா. கர்ப்பிணிகளும் வந்தார்கள், கேட்டு வரைக்கும். பழைய ரேஷன் பழக்கம்! புருஷன்மார்தான் உள்ளே வந்து பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"என்னய்யா உடம்புக்கு?" என்றார் டாக்டரம்மா.

"ஏழாம் மாசம்மா. காலெல்லாம் வீங்கிக்கினு கீது" என்றான் சின்னராசு.

"யாருக்கு?"

"எம் பொண்டாட்டிக்கு. அதோ, கேட்டாண்ட நிக்கிறா."

"குழந்தை அசையுதா?"

சின்னராசு தன் வயிற்றைத் தடவி யோசித்தான். "கேட்டுக்கினு வரேம்மா" என்று ஓடினான்.

மூன்று மாசமாகியும் ஒரு பிரசவம்கூட இல்லை. மாசக் கடைசிக்குள் ஒன்றாவது ஆகாவிட்டால் கட்டில்களைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்படி மேலிடத்துக் கடிதம் வந்தது. ஞானம்மாவுக்கு வேலை போனால் போகட்டும். மகள் விக்டோரியாவுக்கு ஒன்பதாம் மாசம். முதல் பிள்ளை பொன்னேரிக்குப் போகிற வழியில், மாட்டுவண்டியிலேயே செத்துப் பிறந்தது. இன்னொரு தடவை அவளை அந்த வண்டியில் ஏற்ற ஞானம்மாவால் முடியாது.

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கையில் மருமகன் பாக்கியராஜ் உள்ளே ஓடிவந்தான். "அத்தே, வலி வந்துடுச்சி!"

"யாருக்கு?" என்றார் டாக்டரம்மா, பாவம்.

விக்டோரியா வெளியே கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "செத்தாலும் உள்ள வரமாட்டேன். சாமியார் சாபம் எம் புள்ளைய உடாது!"

ஞானம்மா கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். கடைசியில் இடுப்பில் கைவைத்துக் கத்தினாள்.

"அடியே, நீ எங்க பொறந்தேன்னு நெனச்சிக்கினு கீற? இந்த மடத்து சமையக்கட்டுலதான்டி! புயல்ல ஊடு இடிஞ்ச அன்னிக்கு, பெரிய சாமியாரே உள்ள கூப்ட்டு வெந்நி வெச்சிக் குடுத்தாரு. வெளிய சொல்லாதேன்னாரு, சொல்லல. உன்ன இன்னா சாபம் புடிச்சிது, சொல்லு!"

விக்டோரியா அடுத்த வலி வந்ததும் கம்பியை விட்டுத் தானே உள்ளே நடந்தாள். வெளியே நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "அப்போ நாம மட்டும் இன்னாத்துக்கு வெயில்ல நிக்கிறோம்?" என்று சின்னராசுவின் பெண்டாட்டி பின்னாலேயே போனாள்.

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. ஆறு ராத்தல் எடை.

ஞானம்மா கொல்லைப்பக்கம் போய், யுத்தத்துக்கு முன்பே செத்து அங்கேயே அடக்கமான பெரிய சாமியாரின் கல்லறை முன் மண்டியிட்டாள். விக்டோரியா பிறந்தது குடிசையில், நல்ல வெயில் காலத்தில். அந்தச் சாமியார் ஞானம்மாவிடம் பேசியதே ஒரே தடவை, கேட்டருகே நின்றவளை "போ, போ" என்று விரட்டியபோது.

"சாமி, பொய்தான் சொன்னேன். உங்கள வெந்நி வெக்க உட்டுட்டேன். கோவம்னா என்னத் தண்டிச்சிக்குங்க, அவளுங்கள உட்டுடுங்க."

உள்ளே குழந்தை வீறிட்டது. ஞானம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எம் பேத்தி சாமி அது. இனிமே இப்பிடித்தான் சத்தமா இருக்கும்."