முதல் ராத்தல்

பூங்கனிக்குப் பயப்பட யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பஸ் தாமதித்தால் பயம். சீக்கிரம் வந்துவிட்டால் எதையோ மறந்துவிட்டோமே என்று பயம். ஆனால் அந்த மாசி மாதத்தில் அவள் பயந்ததற்கு முழு நியாயமும் இருந்தது.

வாரத்தில் திங்கள் முதல் புதன் வரை நாகர்கோவிலில் காலேஜ். இன்டர்மீடியட் இரண்டாம் வருஷம். வியாழன் முதல் சனி வரை வீட்டில் தங்கி, மண்டைக்காட்டுக்குக் கிழக்கே, கடலோரத்து மணல் கம்பெனியில் கூலிக்கு வேலை. ரசாயனப் பேராசிரியர் செய்துவைத்த ஏற்பாடு அது. கம்பெனியின் சோதனை அறையில் அவள் வேலை செய்யும் நேரத்தைக் காலேஜில் செய்முறை வகுப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். கூலியில் ஹாஸ்டல் செலவு கழியும். தகப்பன் இல்லாத வீட்டில் வேறு எந்த வழியிலும் அவள் படித்திருக்க முடியாது. நிபந்தனை ஒன்றுதான். வருஷக் கடைசியில், வேலையைத் திருப்தியாகச் செய்தாள் என்று கம்பெனி சூப்பிரண்டு கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் கம்பெனியில் கழித்த நாளெல்லாம் காலேஜுக்கு மட்டம் போட்ட நாளாகிவிடும். திருவனந்தபுரத்தில் புதிதாக வந்திருக்கும் யூனிவர்சிட்டி அவளைப் பரீட்சை எழுத விடாது.

சூப்பிரண்டு முத்துநாயகம் சனிக்கிழமை கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருந்தார்.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலையில்லை. கடற்கரையிலிருந்து பெண்கள் பனையோலைக் கடவத்தில் கருமணல் சுமந்து வந்து, கூட்டத்துக்கு ஒரு குவியலாகக் கொட்டுவார்கள். சோதனை அந்த மூன்று நாள் மட்டும்தான். ஒவ்வொரு குவியலிலிருந்தும் பூங்கனி ஒரு ராத்தல் மணலை நிறுத்து எடுக்க வேண்டும். அதைத் தட்டில் பரப்பிக் காந்தத்தைக் காட்டினால் கருமணல் ஒட்டிக்கொள்ளும், வெறும் மணல் தங்கிவிடும். ஒட்டியதை நிறுத்துச் சொல்ல வேண்டும். மிச்சத்தை இடப்பக்கம் இருக்கும் கழிவு வாளியில் கொட்டிவிடலாம். கை இதைச் செய்துகொண்டிருக்க, வாய் பரீட்சைப் பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருக்கும். தை மாதத்திலிருந்து அவள் அப்படித்தான் இரண்டு வேலையையும் ஒன்றாக ஓட்டிக்கொண்டிருந்தாள். தன் கெட்டிக்காரத்தனத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தத் தை மாதத்திலிருந்துதான் செசிலியின் குவியலில் கருமணல் குறைந்தது.

செசிலி கடற்கரைக் குடிசைக்காரி. கம்பெனிக்குப் பக்கத்திலேயே வீடு என்பதால் அவளுடைய கூட்டம்தான் தினமும் முதலில் சுமந்து வரும். அதனால் அவர்கள் குவியலுக்குத்தான் முதல் சோதனை. மற்றவர்கள் மணல் எப்போதும்போல் இருக்க, செசிலியின் மணல் மட்டும் வாரா வாரம் மோசமாக வந்தது. முத்துநாயகத்துக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான் தெரிந்தது. சீக்கிரம் குவியல் காட்டுவதற்காக வெள்ளை மணலைக் கலக்கிறார்கள். திங்கட்கிழமையிலிருந்து அந்தக் கூட்டத்தில் ஒருத்தியும் வாசல் மிதிக்கக் கூடாது என்று வெள்ளிக்கிழமை மத்தியானம் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் பூங்கனி வெளியே வந்தபோது செசிலி வேலியோரம் நின்றிருந்தாள்.

"மக்கா, நாங்க மணலு கலக்குனோம்னு சார் சொல்லுதாவ. கரையில கறுப்பா கெடக்குதத மட்டும்தான் வாரிட்டு வாறோம். மாதா மேல சத்தியம். நீதானே பாக்குத. ஒனக்கும் அப்பிடித்தான் தோணுதா?"

"எனக்கு என்ன தெரியும் அக்கா, காந்தத்துல ஒட்டுதத நிறுத்துச் சொல்லுதேன். அவ்வளவுதான்."

"எனக்கு மூணு பிள்ளைய இருக்கு. எங்க வீட்டுக்காரரு ஆனியில கடலுக்குப் போனாரு, திரும்பி வரல்ல. அது ஒனக்குத் தெரியுமில்லா?"

பூங்கனிக்குத் தெரியும். தெரியும் என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தாள். செசிலி மீது அவளுக்குக் கோபம்கூட வந்தது. ஏன் தன்னிடம் வந்து கேட்க வேண்டும்? ஆனால் பாதி வழியில் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. அன்று காலை, தராசு சரியாக இருக்கிறதா என்ற சந்தேகத்தில், காலேஜில் செய்வதுபோல முதல் சோதனையின் மிச்ச மணலையும் நிறுத்துப் பார்த்திருந்தாள். ஒட்டியதும் ஒட்டாததும் சேர்ந்து ஒரு ராத்தல் வரவேண்டும். வரவில்லை. அடுத்த குவியலுக்குச் சரியாக வந்தது. காற்றில் பறந்திருக்கும் என்று மனதைச் சமாதானப்படுத்திவிட்டாள். சன்னல் சாத்திய அறையில் எந்தக் காற்று?

சனிக்கிழமை காலையில் அம்மா மிஷன் பங்களாவுக்கு லேஸ் பின்னப் போய்விட்டாள். வழக்கம்போல் சமையல் பூங்கனிக்கு. கையெழுத்துக் கிடைக்கும் நாள் என்பதால் விடியுமுன்பே பயம் அவளை எழுப்பிவிட்டிருந்தது. அதை அடக்க, ஆசிட்டும் உப்பும் பற்றிய பாடத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அரிசியை அளந்தாள். பாடத்தில் ஓர் இடத்தில் தடுக்கிற்று. அடுத்த வரி என்னவென்று யோசித்துக் கண்ணைத் திருப்பியபோது தன் கையைப் பார்த்தாள். அது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளி, இடப்பக்கம் இருந்த கலயத்தில் போட்டுக்கொண்டிருந்தது.

பிடியரிசி. அவர்களுடைய கிறிஸ்தவச் சபையில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஒவ்வொரு தடவை உலை வைக்கும்போதும், அளந்த அரிசியில் முதல் பிடி கோயிலுக்கு. ஞாயிற்றுக்கிழமை கலயத்தோடு கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அடுப்பு எட்டாத வயதிலிருந்து அந்தப் பிடியைப் போடுவது பூங்கனியின் வேலை. அதற்கு அவளுடைய யோசனை தேவைப்பட்டதே இல்லை.

உலை கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அளந்ததும் ஒரு பிடி. மணலை நிறுத்ததும் ஒரு பிடி. ஒரு சமையலுக்கு ஒரே தடவை; ஒரு நாள் சோதனைக்கு ஒரே தடவை. முதல் ராத்தலில் மட்டும். இங்கே இடப்பக்கம் கலயம், அங்கே இடப்பக்கம் வாளி.

நேர்மையாகச் சொன்னால், அவளுக்கு முதலில் தோன்றியது பேசாமல் இருந்துவிடலாம் என்பதுதான். கையெழுத்து இன்றைக்கு. இனிமேல் கையைக் கவனித்துக்கொண்டால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது? இப்படி நினைத்துக்கொண்டே குழைந்த சோற்றை வடித்தாள். ஒரு வாய்கூட இறங்கவில்லை. செசிலியின் மூன்று பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை எப்போதும் மூக்கு ஒழுகிக்கொண்டு வேலியைப் பிடித்து நிற்கும். அந்த முகம்தான் வந்து வந்து நின்றது.

கம்பெனிக்கு வந்ததும் வராததுமாக அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு முத்துநாயகம் சிரித்தார்.

"மணலுல பிடியரிசியா? பிள்ளே, நான் இந்தக் கம்பெனியில தல நரச்சவன். அவளுவ வந்து ஒன் கால்ல விழுந்தாளுவளா?"

"இல்ல சார். உள்ளதச் சொல்லுதேன்."

"சரி. நான் நிக்குதேன். எனக்கு முன்னால செய்து காட்டு."

கழிவு வாளியை அவரே கவிழ்த்துத் தட்டி வெறுமையாக வைத்தார். செசிலியின் குவியலிலிருந்து புதிதாக மணல் வந்தது. பூங்கனி ஒரு ராத்தல் நிறுத்தாள். கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கப் பார்க்க அது படு ஒழுங்காக நடந்துகொண்டது. மணல் முழுவதும் தட்டுக்குப் போயிற்று. வாளிக்கு ஒரு மணியும் போகவில்லை. காந்தத்தில் ஒட்டியதை நிறுத்தால் நல்ல எடை.

"பாத்தியா? நான் நின்னு பாக்குத அன்னைக்கி மட்டும் நல்ல மணலு கொண்டு வந்திருக்காளுவ," என்றார் முத்துநாயகம். "ஒன் கையில ஒரு குத்தமும் இல்ல."

பூங்கனி தட்டின் மிச்சத்தை வாளியில் போடாமல் மூலையில் கொட்டினாள். வேண்டுமென்றே ஒரு பிடியை எடுத்து வாளியில் போட்டால் அது பொய். போடாவிட்டால் செசிலிக்கு வேலை இல்லை. அன்றைய முதல் பிடி இன்னும் பாக்கி இருக்கிறதே என்று நினைத்து, இன்னொரு தடவை பார்க்கட்டுமா சார் என்று கேட்டாள். பாரு என்றார். அவருக்கு அவசரமில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"பரீட்ச என்னைக்கி?"

"பங்குனி கடைசியில சார்."

"பாஸாயிட்டா மேல படிப்பியா? திருவனந்தபுரத்துல என் மச்சினன் வீடு உண்டு. நான் சொன்னா தங்க வைப்பாவ. பி.எஸ்ஸி. படிச்சிட்டு வா, இந்த அறையவே ஒனக்குத் தாறேன்."

திருவனந்தபுரம். பி.எஸ்ஸி. அந்த இரண்டு சொல்லையும் இன்னொருவர் வாயிலிருந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. பெரிய காலேஜின் ரசாயனக் கூடம் எப்படி இருக்கும்? ஆளுக்கு ஒரு மேஜை இருக்குமாமே. அம்மாவைத் தனியாக விட்டுப் போக முடியுமா? போகலாம், சனிக்கிழமைகளில் வந்துவிடலாம். படிப்பேன் சார், எப்படியும் படிப்பேன் என்று சொல்லிக்கொண்டே அவள் ஒரு ராத்தலை நிறுத்து மணலைத் தட்டில் பரப்பினாள்.

பேனா மூடியைத் திருகும் சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் ஒரு பிடி மணல் குவிந்து கிடந்தது.

"வேணும்னு போட்டியா?"

"இல்ல சார். போட்டதே எனக்குத் தெரியல்ல."

"அதத்தான் நானும் பாத்தேன்."

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த மூச்சிலேயே கையெழுத்து நினைவுக்கு வந்தது. முத்துநாயகம் எழுந்து சன்னலோரம் போய் நின்றார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் சங்கடம்.

"செசிலி கூட்டத்த வரச் சொல்லிருதேன். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். ஆனா பிள்ளே, வேலைய திருப்தியா செய்தாள்னு நான் எப்பிடி எழுதுவேன்? நீயே சொல்லு."

பூங்கனி தட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"எழுத முடியாது சார்."

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வெயில் கொளுத்தியது. வேலியோரம் செசிலியும் இன்னும் நாலைந்து பெண்களும் நின்றிருந்தார்கள். பூங்கனி நேரே செசிலியிடம் போனாள்.

"அக்கா, திங்கக்கிழம எல்லாரும் வேலைக்கு வாங்க. சார் சொல்லியாச்சு. உங்க மணலுல குத்தமில்ல. என் கைதான் பிசகிச்சு."

செசிலிக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. பூங்கனியின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கையில் இன்னும் கருமணல் ஒட்டியிருந்தது. அது செசிலியின் கன்னத்திலும் ஒட்டிக்கொண்டது.

"நீ நல்லா இருப்ப மக்கா. பரீட்ச எழுதுத அன்னைக்கி மாதாவுக்கு நான் மெழுகுதிரி ஏத்துதேன். நீ பாஸாவ, பாத்துக்கோ."

பரீட்சை இல்லை என்று பூங்கனியால் சொல்ல முடியவில்லை.

"ஏத்துங்க அக்கா," என்றாள்.