இரண்டாவது பொட்டலம்

1971 மாசியில் அப்பா மண்டபம் முகாமுக்குப் போய் ஆறு குடும்பங்களை அழைத்து வந்தார். சிலோன் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்து, ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள். எங்கள் பனியன் கம்பெனிக்கு அந்த வருடம் ஆள் பற்றவில்லை. லாரியிலிருந்து இறங்கியவர்களிடம், "இனி இது உங்க ஊருங்க. ஒண்ணும் யோசிக்காதீங்க" என்றார் அப்பா.

அவர்களுக்கு நூல் குடோனில் இடம் கொடுத்தோம். அவர்களில் ஒருத்தியான பழனாயியைச் செக்கிங் டேபிளில் உட்கார வைத்தார்கள். பனியனை விளக்குக்கு நேரே பிடித்து ஓட்டை பார்க்கிற வேலை. நான் கோயமுத்தூரில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். கல்யாணம் அமையும் வரை கம்பெனிக்கு வரட்டும் என்று அப்பா அந்த டேபிளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

முதல் நாளே, அந்த டேபிளின் பழைய ஆளான ரங்காத்தாள் ஆரம்பித்தாள். "ஏனுங்க, கொழுந்து கிள்ளுன கையாமா. பனியனைக் கிள்ளிப்போடாதீங்க."

"கிள்ளுறதுன்னா பச்சையா இருக்கணுமுங்க. இது வெள்ளையால்ல இருக்கு" என்றாள் பழனாயி. டேபிளே சிரித்தது. ரங்காத்தாளும் சிரித்தாள். ஆனால் அன்று மதியம் தன் சோற்றுத் தூக்குப்போசியைத் தள்ளி வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டாள்.

குட்டைக்கரைப் புறம்போக்கில் ஆறு குடிசை போட்டுக்கொள்ள அவர்கள் தாலுகா ஆபீசில் கேட்டிருந்தார்கள். ஊருக்கு ஆட்சேபணை இல்லையென்றால் கொடுக்கலாம் என்று பதில் வந்தது. அதன் பிறகுதான் எங்கள் ஊரை நான் பார்த்தேன். ஒருவரும் கெட்ட வார்த்தை பேசவில்லை. குழாயடியில், "சித்த பொறுத்துக்குங்க" என்று சொல்லிச் சொல்லியே கடைசிவரை நிற்க வைத்தார்கள். டீக்கடைக்காரர், "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டு, தனியாக வைத்திருந்த அலுமினிய டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்.

பஞ்சாயத்துத் தலைவர் ஆறுமுகசாமி எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"இன்னிக்கு ஆறு குடும்பம், நாளைக்கு அறுவதுங்க. நம்மாளுக கூலி சேத்திக் கேட்டா அவிங்க பாதிக்கு வந்து நிப்பாங்க. என்ன சனமுன்னே தெரியல. கொண்டாந்து உட்டது நீங்க, அர்த்தநாரி. நீங்கதான் பாத்து முடிக்கோணும்."

"பாக்கறனுங்க" என்றார் அப்பா.

பழனாயி என்னிடம் கேட்டுக்கொண்டாள் என்று கலெக்டருக்கு ஒரு மனு எழுதியிருந்தேன். ஆறு குடும்பத்தாரும் கைநாட்டு வைத்திருந்தார்கள். தபாலில் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. அதைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன்.

"கலெக்டரு எடத்தைக் குடுப்பாரு கண்ணு. ஊரு தண்ணி குடுக்குமா?" என்றார். "நம்ம முருகங்கிட்டப் பூக் கேட்டுப்போடலாம். வெள்ளை வந்துட்டா ஒருத்தரும் வாய் தொறக்க மாட்டாங்க. ஆறுமுகசாமியும் ஒத்துக்கிட்டாரு. நீ சொன்னா அந்தப் பொம்பள கேக்கும்."

பூக் கேட்பது எங்கள் ஊர் வழக்கம். ஒரு இலையில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. மடித்து ஒரே மாதிரி நூல் சுற்றிச் சாமி காலடியில் வைப்பார்கள். ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளையென்றால் சாமி சம்மதம். சிவப்பென்றால் வேண்டாம். அதற்குமேல் பேச்சில்லை.

எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் கணக்கு தெரியும். பஞ்சாயத்தில் கை தூக்கச் சொன்னால் ஒன்பது பேரில் எட்டுப் பேர் எதிராகத் தூக்குவார்கள். பூவில் பாதிக்குப் பாதி. இதைவிட நல்ல வாய்ப்பு இந்த ஊரில் அவர்களுக்குக் கிடைக்காது என்று நினைத்தேன்.

குடோனுக்குப் போய்ப் பழனாயியிடம் சொன்னேன்.

"செவப்பு வந்தா?"

"போயிரணும். மனுவும் அனுப்பக்கூடாது."

அவள் கணவன் மணியன், "மனுவையே அனுப்புவோம்" என்றான். பழனாயி தன் ஆறு வயது மகள் மருதம்மாளைப் பார்த்தாள்.

"கதிர்காமத்துல மொட்டை போட்டுத்தான் இவளப் பெத்தேன். அங்க குடுத்தவன் இங்க விட்டுருவானா? பூக் கட்டுறது யாரு சின்னம்மா?"

"அப்பா."

"அப்பச் சரி" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை கோயிலில் ஊரே கூடியிருந்தது. அப்பா குளித்துவிட்டு, பொட்டலங்களைத் தட்டில் வைத்து எடுத்துவந்தார். பழனாயி கற்பூரம் ஏற்றி, எது வந்தாலும் கட்டுப்படுகிறோம் என்று எல்லோர் முன்பும் சொன்னாள். எடுப்பது யார் என்ற பேச்சு வந்தபோது ஆறுமுகசாமி, "அவிங்க கொழந்தையே எடுக்கட்டுங்க. நாளைக்கு ஒரு சொல்லு வரப்படாது" என்றார். நியாயமான பேச்சு என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

மருதம்மாள் இரண்டையும் பார்த்தாள். ஒன்றைத் தொட்டாள். விட்டுவிட்டு மற்றதை எடுத்தாள். பூசாரி நூலைப் பிரித்தார். செவ்வரளி.

பழனாயி கைகூப்பியபடி அப்படியே நின்றாள். பெண்கள் அவளைச் சுற்றி வந்தார்கள். "சாமியே சொல்லிப்போடுச்சு, நாம என்னங்க பண்றது" என்று ரங்காத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒருத்தி வழிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லித் தேங்காய் கொடுத்தாள். நாலு மாதத்தில் அவர்கள் பழனாயியைத் தொட்டது அன்றுதான்.

எல்லோரும் போன பிறகு பூசாரி பழைய பூக்களைக் கூட்டிக் கூடையில் போட்டார். மற்றப் பொட்டலமும் அதில் விழுந்தது. கல்லூரி லேபில் எந்தச் சோதனைக்கும் பக்கத்தில் இன்னொரு குழாய் வைப்போம், மருந்து சேர்க்காதது. அதையும் பார்த்த பிறகுதான் முடிவு எழுத வேண்டும். அந்தப் பழக்கத்தில்தான் எடுத்தேன். சந்தேகத்தில் எடுக்கவில்லை.

பிரித்தேன். செவ்வரளி.

வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் செவப்புங்கப்பா."

அவர் கை இலையில் நின்றது. பிறகு மெதுவாகச் சோற்றைப் பிசைந்தார்.

"மூஞ்சிக்கு நேரா போங்கன்னு நான் எப்பிடிச் சொல்றது கண்ணு? கூட்டியாந்ததே நான். ஊரையும் பகைச்சுக்க முடியாது. சாமி சொன்னா ஆருக்கும் மனசு நோகாது."

"அவிங்களுக்கு?"

"அவிங்களுந்தான். பாத்தியல்ல, கும்புட்டுட்டுத்தான போனாங்க."

"என்னை எதுக்கு அனுப்பினீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் கோபமில்லை. எப்போதும்போல அன்பாகத்தான் இருந்தது.

"உனக்குத் தெரியாதல்ல. அதனாலதான் நீ சொன்னது நெசமாட்டம் இருந்துச்சு."

நான் சாப்பிடவில்லை. மூன்று மணிக்குத் தாராபுரம் பஸ். குண்டடம் பக்கம் ஒரு தோட்டத்தில் கூலி வேலை இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். நிறுத்தத்தில் ஆறு குடும்பமும் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தது. மருதம்மாள் இடது கையால் பொரி தின்றுகொண்டிருந்தாள். வலது கையைப் பாவாடைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

"காலையிலேருந்து அந்தக் கையை வெளிய எடுக்க மாட்டேங்கறா" என்றாள் பழனாயி. "அவ அப்பன் ஒரு வார்த்த சொல்லிட்டாரு. மொதல்ல தொட்டதையே எடுத்திருக்கலாம்லன்னு."

சொன்னேன். இரண்டு வாக்கியம்தான்.

பழனாயி கேட்டதும் கத்தவில்லை. மகளை இழுத்து, பாவாடைக்குள்ளிருந்து அந்தக் கையை வெளியே எடுத்தாள். "கேட்டியாடி? ஒன் கை ஒண்ணும் பண்ணல. எத எடுத்திருந்தாலும் அதான்." குழந்தைக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. மணியன் எழுந்து நின்றான்.

"மனு இருக்கா?" என்று கேட்டாள் பழனாயி.

"இருக்கு."

"அப்ப நாங்க போகல. சாமி சொல்லலேன்னா யாரு சொல்லி நான் போகணும்?" முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அந்தா டீக்கடையில தலைவரு இருக்காரு. நாலு பேரு இருக்காங்க. வாங்க சின்னம்மா. நான் சொன்னா சிலோன்காரி பொய் சொல்றாம்பாங்க. அவரு மகளே சொன்னாத்தான் நிக்கும். நான் பக்கத்துல நிக்கிறேன்."

இருபது அடி இருக்கும். அவளோடு நடந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். இரண்டு பொட்டலத்திலும் சிவப்புதான் இருந்தது. கட்டியது எங்கள் அப்பா.

எங்களைப் பார்த்ததும் ஆறுமுகசாமி பெஞ்சிலிருந்து எழுந்தார். மற்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

"வா சாரதா. இவிங்களை வழியனுப்ப வந்தியாக்கும்?" என்றார். "அர்த்தநாரி புள்ளையல்ல. அந்த மனசு வேற ஆருக்கு வரும்."

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சின்ன வயதிலிருந்து என்னைத் தூக்கி வளர்த்தவர்கள். பழனாயி என் பக்கம் திரும்பிக் காத்திருந்தாள்.

"ஆமாங்க" என்றேன்.

பின்னால் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பழனாயி இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஆறுமுகசாமியைக் கும்பிட்டு, "போய்ட்டு வாறோங்க ஐயா" என்றாள்.

என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.