வலது பக்க பல்பு

"டீத்தூள் டப்பாவா?" என்றார் ஓபுயா.

விசாரணைக் குழுத் தலைவர் கேட்ட தொனியிலேயே தீர்ப்பு பாதி எழுதப்பட்டுவிட்டது என்று நெகேசாவுக்குப் புரிந்தது. மீதிப் பாதி அவர் முன்னால் மேஜைமேல் கிடந்தது: அவளுடைய உரிம அட்டை. விபத்து வாகனங்களைச் சோதித்து அறிக்கை எழுதும் உரிமம். பதினோரு வருடமாக அவளுக்குச் சோறு போடுவது அது ஒன்றுதான். உள்ளே நுழையும்போதே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

"ஆமாங்கய்யா. பல்பைப் பஞ்சு சுத்தி டீத்தூள் டப்பாவுல வெச்சேன்."

"வழக்கோட சாட்சியை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருக்கீங்க."

"போலீஸ் ஸ்டேஷன் மைதானத்துல விட்டிருந்தா வேற யாராச்சும் தூக்கிட்டுப் போயிருப்பாங்க. வேலி கிடையாது, பூட்டு கிடையாது. போன மாசம் நான் பாதி சோதிச்ச வண்டியில கியர்பாக்ஸையே காணோம். மழையில சேத்துல படுத்துக்கிட்டு, செல்போன் வெளிச்சத்துல வேலை பாக்கறேன்."

"சொந்தக் கதை வேணாம்" என்றார் ஓபுயா.

எதிர்வரிசையில் சிரிப்பு. இஞ்சினியர் மசிண்டே. இஸ்திரி கலையாத சாம்பல் நிறக் கோட்டு. லாரி, டிராக்டர் முதலாளிகளுக்காகவே அறிக்கை எழுதுகிறவர். இந்தப் புகாரைக் கொடுத்தவரும் அவர்தான்.

விஷயம் சின்னது. புங்கோமா சாலையில் அந்தி நேரத்தில் ஒரு கரும்பு டிராக்டர் டிரெய்லரோடு நின்றிருந்தது. பைக் டாக்சி ஓட்டும் மகோகா பின்னால் போய் மோதினான். இப்போது இரண்டு காலும் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். டிரெய்லரின் பின்விளக்கு எரிந்துகொண்டிருந்ததா, இல்லையா? எரிந்திருந்தால் குற்றம் அவனுடையது. இல்லையென்றால் டிராக்டர் முதலாளியுடையது.

மோதலில் இரண்டு பல்புகளின் கண்ணாடியும் நொறுங்கியிருந்தது. மறுநாள் காலையில் நெகேசா பார்த்தபோது உள்ளே இருந்த இழைகள் இரண்டுமே அறுபடாமல் புதுக்கம்பி போல மின்னின. விளக்கு எரியவில்லை என்று எழுதினாள். இடது பல்பைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். வலது பல்பு துருப்பிடித்து ஹோல்டரோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. விட்டுவிட்டாள்.

நான்கு நாள் கழித்து மசிண்டே போனார். வலது பல்பின் இழை எரிந்து அறுந்து, வெள்ளைச் சாம்பல் படிந்திருக்கிறது, ஆகவே விளக்கு எரிந்தது என்று எழுதினார். 'இடது பல்பை ஆய்வாளர் மறைத்துவிட்டார்' என்று ஒரு வரி கூடுதலாக.

"அன்னிக்குக் காலையில வலது பல்பை போட்டோ எடுத்திருக்கேன். பாருங்க." நெகேசா செல்போனை நீட்டினாள்.

ஓபுயா கையை நீட்டவில்லை. "சொந்த போன்ல எடுத்த படம் செல்லாது. விதி இருக்கு."

"ஆபீஸ் கேமரான்னு ஒண்ணு குடுத்திருந்தா அதுல எடுத்திருப்பேன்."

"வாய் மட்டும் ஜாஸ்தி" என்றார் மசிண்டே. "கராஜ்ல ஸ்பானர் புடிச்சவங்களுக்கெல்லாம் உரிமம் குடுத்தா இப்படித்தான். படிச்சவங்க பாக்கற வேலை இது, மேடம். சாம்பல் இருந்தா அர்த்தம் என்னன்னு தெரியுமா?"

"தெரியும். கண்ணாடி முழுசா இருந்தா இழைக்குக் காத்து படாது. உடைஞ்சபிறகு கரண்ட் இருந்தா காத்துல எரிஞ்சு சாம்பலாயிடும்."

"பாத்தீங்களா ஐயா? அவங்களே ஒத்துக்கறாங்க. கண்ணாடி உடைஞ்ச அந்த நொடியில கரண்ட் இருந்திருக்கு!"

உரிம அட்டையை எடுத்து ஃபைலுக்குள் செருகினார் ஓபுயா. தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. கேவலம் ஒரு பல்பு! நாலே நாளில் சாம்பல் எங்கிருந்து வந்தது?

அவள் மசிண்டேயின் கோட்டைப் பார்த்தாள். பொறி தட்டியது.

"ஐயா, இவரு அந்த டிரெய்லரைத் தொட்டே பாக்கலை. கோட்டுல அழுக்குப் படுமேன்னு ஏதோ படத்தைப் பாத்து எழுதிட்டாரு."

"என்ன சொன்னே?" மசிண்டே எழுந்துவிட்டார். மேடம் போய் ஒருமை வந்திருந்தது. "நானா? என் சொந்த பேட்டரியைக் கொண்டுபோய் டிரெய்லர் பிளக்ல மாட்டி, ஒவ்வொரு ஒயரா சோதிச்சவன் நான்!"

"சும்மா சொல்லாதீங்க இஞ்சினியர். பேட்டரி மாட்டியிருந்தா பின்விளக்கு ஒயருக்குக் கரண்ட் குடுத்துப் பாத்திருக்கணுமே?"

"குடுத்தேன்! எந்த வண்டியா இருந்தாலும் நான் முதல்ல பண்றதே அதான். இடது பக்கம் வரலை, அதைத்தான் நீ திருடிட்டியே. வலது பக்கம் பளிச்சுன்னு ஒரு வெட்டு வெட்டிச்சு. ஒயர் நல்லாத்தான் இருந்துச்சு, என் கண்ணால பாத்தேன்!"

நெகேசா செல்போனை மேஜைமேல் வைத்தாள்.

"விபத்து அன்னிக்கே எரிஞ்சு அறுந்துபோன இழை, நாலு நாள் கழிச்சு எப்படி இஞ்சினியர் வெட்டும்?"

அவள் ஓபுயா பக்கம் திரும்பினாள்.

"அது முழுசாத்தான் இருந்துச்சு ஐயா. அதனாலதான் வெட்டிச்சு. அதை எரிச்சுச் சாம்பலாக்கினது இவரோட பேட்டரி. உடைஞ்ச பல்புக்குக் கரண்ட் குடுக்கக் கூடாதுன்னு கராஜ்ல ஸ்பானர் புடிச்ச எனக்குத் தெரியும்."

ஓபுயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இஞ்சினியர், பேட்டரி மாட்டினது உங்க அறிக்கையில இல்லையே?"

"அது... வழக்கமா பண்றதுதானே ஐயா... எழுதறதில்லை."

"உக்காருங்க."

குழுவின் மற்ற உறுப்பினர் இருவரும் தலைவர் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்கள். பிறகு ஓபுயா வேண்டாவெறுப்பாக வாசித்தார். மசிண்டேயின் அறிக்கை தள்ளுபடி, உரிமம் ஆறு மாதம் நிறுத்தம். மகோகாவின் வழக்குக்கு நெகேசாவின் அறிக்கையே செல்லும்.

"ஆனா, சாட்சியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போன குற்றம் குற்றம்தான். நெகேசா மேடத்துக்கும் மூணு மாசம் நிறுத்தம்."

ஓர மேஜையில் தீர்ப்பை எழுத ஆரம்பித்த குமாஸ்தா நிமிர்ந்தார். "ஐயா, இந்த மாவட்டத்துல உரிமம் வெச்சிருக்கறது மொத்தமே ரெண்டு பேருதான்."

"அதுக்கென்ன?"

"ரெண்டு பேரும் இங்கேயே உக்காந்திருக்காங்க. ஸ்டேஷன்ல முப்பத்தாறு வண்டி காத்திருக்கு. நேத்து ராத்திரி மூணு சேந்திருக்கு."

ஓபுயா ஃபைலை வெறித்தார். பிறகு அட்டையை உருவி மேஜைமேல் தள்ளினார், நாய்க்கு எலும்பு போடுவதுபோல. "எச்சரிக்கை மட்டும். நாளைக்குக் காலையில வேலையில இருக்கணும்."

நெகேசா அட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"எடுக்கற பல்பையெல்லாம் எங்க வெக்கறது ஐயா?"

குழு எழுந்து உள்ளே போய்விட்டது. சாட்சி மேஜையில் கேட்பாரற்றுக் கிடந்தது டீத்தூள் டப்பா. அவள் இரண்டு கையாலும் அதை எடுத்து, குமாஸ்தாவின் மேஜைமேல் நங்கென்று வைத்தாள்.

"ரசீது குடுங்க."