கிச்சாப்புக்கு இரண்டு ஊசி

நோன்பு மாதத்தின் எட்டாம் நாள், காலை ஒன்பதரை மணி. கூச்சிங் நகரில், டாயாங் சயேரா பெருநாள் அடுக்குக் கேக்கின் ஆறாவது அடுக்கை அடுப்பில் வைத்த நேரம் பார்த்துக் கைப்பேசி அலறியது. கிச்சாப்பின் சர்க்கரை 3.4, ஆபத்தான இறக்கம். அம்புக்குறி கீழே பார்த்தது.

கிச்சாப் அவளுடைய கறுப்புப் பூனை. அதன் தோளில் முடி மழித்து ஒட்டிய பொத்தான் அளவுச் சென்சார் நாள் முழுக்கச் சர்க்கரையை அளந்து கைப்பேசிக்குச் சொல்லும். காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் இரண்டிரண்டு யூனிட் இன்சுலின். நாலு மாதமாக ஒரு வேளை தப்பியதில்லை. சர்க்கரையாவது ஒன்றாவது, இந்தப் பூனையை இன்னும் பத்து வருஷம் வாழவைப்பது என்று அவள் முடிவே கட்டியிருந்தாள்.

இப்போது அது சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் துவண்டு கிடந்தது. விரலில் தேனைத் தொட்டு அதன் ஈறில் தேய்த்தபடியே கால்நடை டாக்டர் லாவைக் கைப்பேசியில் கூப்பிட்டாள்.

"இன்னைக்கு எத்தனை ஊசி போட்டீங்க?"

"ஒண்ணுதான் டாக்டர், ஏழு மணிக்கு."

"ஒரு ஊசிக்கு இப்படி இறங்காதே. வேற யாராச்சும் போட்டாங்களா? தேய்க்கிறதை விடாதீங்க, உடனே தூக்கிட்டு வாங்க."

வேறு யார்? கணவன் அவாங் ஜெமாட்தான், அவள் 'அபாங்' என்று கூப்பிடும் மனுஷன். அவன் கடைக்குப் போன் போட்டாள்.

"அபாங், கிச்சாப்புக்கு ஊசி போட்டீங்களா?"

"ஆமா, சஹர் நேரத்துல. நாமதான் விடியறதுக்கு முன்னாடி சாப்பிடுறோமே, அதுக்கும் சோறு வச்சுப் போட்டுட்டேன். நீ குளிச்சிட்டிருந்த."

"அடப்பாவி மனுஷா! பூனையுமா நோன்பு பிடிக்குது? சொல்லித் தொலைக்க வேண்டாமா! நானும் போட்டுட்டேன். வண்டியை எடுத்துட்டு ஓடி வாங்க!"

3.1. பிறகு 2.8. அடுப்பில் கேக் கரிந்தது. கரியட்டும், பாழாய்ப்போன கேக்! "கண்ணை மூடாதடா, மூடினா கொன்னுடுவேன்" என்று பூனையை அதட்டினாள். தேன் தேய்க்கும் விரல் நிற்கவே இல்லை. வண்டி வாசலுக்கு வந்தபோது 2.9. பாதி வழியில் கிச்சாப் அவள் விரலை நறுக்கென்று கடித்தது.

"கடிடா ராஜா, நல்லாக் கடி!"

சாயங்காலம் வரை குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார் டாக்டர். இன்று ஊசி வேண்டாம், நாளைக்குச் சர்க்கரையைப் பார்த்துவிட்டு ஒரே யூனிட் என்றார்.

நோன்பு திறக்கும் நேரம். ஜெமாட் கையில் எடுத்த பேரீச்சம்பழம் வாய்க்குப் போகவில்லை.

"இனிமே அந்த ஊசியைத் தொடவே மாட்டேன்."

"தொடாம? நான் வீட்ல இல்லாத நாள்ல யாரு போடுறது, பக்கத்து வீட்டுக்காரனா? நீங்க போட்டது தப்பில்ல. சொல்லாம போட்டதுதான் தப்பு. நாளைக்கு நீங்கதான் போடுறீங்க."

"மறுபடியும் தப்பாயிட்டா, சயேரா?"

"ஆகாது. முதல்ல எனக்கு எழுதி அனுப்புங்க, அப்புறம் போடுங்க."

மறுநாள் ஏழு மணி. சமையலறையில் மாவு கலக்கிக்கொண்டிருந்த சயேரா, எட்டிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கைப்பேசி மணியடித்தது. பத்தடி தள்ளிக் கூடத்தில் உட்கார்ந்திருந்த மனுஷன்தான் அனுப்பியிருந்தான்.

"சர்க்கரை 14. சாப்பிட்டான். ஒரு யூனிட். போடட்டுமா?"

"போடுங்க" என்று எழுதினாள். கூடத்தில் ஒரு சீறல், "ஐயோ!" என்றொரு கத்தல். மறுபடி மணி.

"போட்டாச்சு. கடிச்சிட்டான்."