விழுங்கிய நாலு கிலோ

இறுகிப்போன டப்பா மூடி எதுவானாலும் முன்பெல்லாம் வீட்டில் என்னிடம்தான் வரும். கொழுந்தன் கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் அதை என்னைத் தாண்டி என் ஓரகத்தியிடம் நீட்டுகிறார். ஜிம்முக்கும் நான்தான் முதலில் போனேன். நாலு மாதம் கழித்து வந்து ஒட்டிக்கொண்டவளைப் பார்த்து மாஸ்டர் "பரவாயில்லையே!" என்கிறார். என்னை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

வரப்போகும் வலுதூக்கும் போட்டிக்கு எங்கள் எடைப் பிரிவில் ஒருத்திக்குத்தான் இடம். யாரால் ஒரே தடவையில் அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும் என்பதை மாஸ்டர் கணக்குப் போட்டே சொல்லிவிடுவார். பெஞ்சில் படுத்து, கம்பியை நெஞ்சைத் தொடும்வரை இறக்கி, முடிந்த மட்டும் திரும்பத் திரும்பத் தூக்க வேண்டும். எடையை எண்ணிக்கையால் பெருக்கி, முப்பதால் வகுத்து, வருவதை எடையோடு கூட்டுவார். அன்றைக்குக் கம்பி முப்பது கிலோ. அதனால் தடவைக்கு ஒரு கிலோ கூடும். ஜோடியாக வந்தவள் தலைமாட்டில் நின்று எண்ணிச் சொல்லவேண்டும்.

நான் ஆறு தடவை தூக்கினேன். பலகையில் முப்பத்தாறு ஏறியது.

அடுத்து அவள். ஒவ்வொரு தடவையும் நெஞ்சைத் தொட்டு, ஒன்பது தடவை தூக்கினாள்.

"எத்தனை?" என்றார் மாஸ்டர், பலகையிலிருந்து திரும்பாமலே.

"அஞ்சு."

வாய் கூசவே இல்லை. நாலு கிலோவை முழுசாக விழுங்கிவிட்டேன். அவள் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, எழுந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"முப்பத்தஞ்சு. ரொம்ப நெருக்கமா இருக்கே," என்றார் மாஸ்டர். "ரெண்டு பேரும் முப்பத்தெட்டை ஒரே ஒரு தடவை தூக்கிக் காட்டுங்க."

எனக்குக் கம்பி நெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டது, மாஸ்டர்தான் எடுத்துவிட்டார். அவளோ தூக்கி வைத்துவிட்டு எழுந்து, கலைந்த முடியைச் சரிசெய்துகொண்டாள்.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "அஞ்சு தடவை தூக்குனவளுக்கு இது எப்படி வரும்? சரியாத்தான் எண்ணுனீங்களா?"

நான் கம்பியிலிருந்த எடைத்தட்டைக் கழற்றக் குனிந்தேன்.

"அக்கா சரியாத்தான் எண்ணுனாங்க மாஸ்டர்," என்றாள் அவள். "அதுக்கு மேல நாலு தடவை தூக்குனேன், ஆனா கம்பி நெஞ்சைத் தொடலை. அதெல்லாம் கணக்குல வராதுல்ல?"

மாஸ்டர் தலையாட்டிவிட்டு, போட்டிக்கு அவள் பெயரை எழுதினார்.

நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். அவளுக்கு ஒரு நன்றியாவது சொல்லியிருக்க வேண்டும். வந்தது அதே எரிச்சல்தான், இன்னும் ஒரு மடங்கு கூடுதலாக. பொய்யைக்கூட அவள் என்னைவிட நன்றாகச் சொல்கிறாள்.