விரல் நீட்ட ஓர் ஆள்

…முறிந்துவிட்டது, உள்ளங்கைக்குக் கீழே விலா எலும்பு ஒன்று மளுக்கென்று போனது க்லோடெட்டுக்குத் தெரிந்தது, முறிந்தால் முறியட்டும், நிறுத்தாதீர்கள் என்று முதலுதவி வகுப்பில் வாய் கிழியக் கத்துகிறவள் அவள்தானே, ஆனால் பயிற்சிப் பொம்மையின் நெஞ்சு எத்தனை பேர் அமுக்கினாலும் திரும்ப எழும்பிக்கொள்ளும், லியோவின் நெஞ்சு அப்படி எழும்பவில்லை… ஏன் இந்தச் சமையலறை இப்படிச் சில்லிட்டுக் கிடக்கிறது, வாசல் கதவு எவ்வளவு நேரமாகத் திறந்திருக்கிறது, மேசையில் ப்ளோய் அடைகள் ஆறிப்போய் அடுக்கியிருக்கின்றன, ஒன்றில் மட்டும் பாகு ஊற்றி ஒரு வாய் பிய்த்திருக்கிறது, அந்த ஒரு வாயோடு சாய்ந்தானா மனிதன்? ஒட்டுப்பட்டை வழியாக இதயத்தைப் பார்க்கும் இயந்திரம் அதே குரலில் மறுபடியும் சொல்கிறது, மின்னதிர்ச்சி தேவையில்லை, தொடர்ந்து அழுத்தவும். தொடர்ந்து அழுத்து, உனக்கென்ன, சொல்லிவிட்டுச் சும்மா இருப்பாய்.

"மாத்திக்கலாமா? உன் கை ஓஞ்சு போச்சு பாரு" என்றான் ரெயால், காற்றுப் பையைப் பிதுக்கிக்கொண்டே. "நீ மூச்சைக் கவனி, என் கையை நான் பாத்துக்கறேன்" என்றாள். அவன் உருளைக்கிழங்கு பயிரிடுகிறவன், அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், பனியால் பள்ளி மூடிய நாளில் ஊர் ஆம்புலன்சுக்குக் கிடைத்தது இந்த இரண்டு பேர், மருந்து ஏற்றத் தெரிந்தவன் பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டும், அவன் வண்டி பனியில் எங்கே நிற்கிறதோ… வரமாட்டான், வந்தாலும் பயனில்லை, லியோவின் உதடு நீலம் பாரித்திருப்பதை வாசற்படியிலேயே பார்த்துவிட்டாள். போன இலையுதிர் காலத்தில் மாதா கோயில் கீழ்த்தளத்தில் பீன்ஸ் விருந்துக்கு முன்னால் வகுப்பு எடுத்தபோது இந்த உதடுதானே அவ்வளவு கேலி பேசியது, "இந்தம்மாவுக்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே இல்லையே க்லோடெட், பொழைச்சு எந்திரிச்சா வீட்டுக்கு எப்படிப் போவா?" என்று பொம்மையைக் காட்டிக் கேட்டான், கூடமே சிரித்தது, அவன் மனைவி தெரேஸ் மட்டும் சிரிக்காமல் முன் வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் விழுங்கிக்கொண்டிருந்தாள். இப்போது அதே தெரேஸ் கதவு நிலையைப் பிடித்தபடி நிற்கிறாள், வீட்டுச் செருப்பு முழுக்க ஈரம், முழங்கால் வரை பனி ஒட்டியிருக்கிறது. இவர்கள் வந்தபோது சாலையோரம் நின்றிருந்தாளே, வழி காட்டத்தான் நிற்கிறாள் என்று நினைத்தாள் க்லோடெட், இந்த ஊரில் லியோ வீடு எது என்று யாருக்கு வழி காட்ட வேண்டும்?

"நீ சொன்ன மாதிரியேதான் பண்ணேன் க்லோடெட்" என்றாள் தெரேஸ். "தட்டி எழுப்பிப் பாத்தேன், பேச்சு மூச்சு இல்ல. கூட்டத்தப் பாத்துப் பொதுவா கத்தக் கூடாது, ஒருத்தருக்கு நேரா விரல நீட்டி, நீ போன் பண்ணுன்னு சொல்லணும்னியே. வீட்ல யாரு இருக்கா? ரோட்டுக்கு ஓடினேன். ரொம்ப நேரம் ஒரு ஈ காக்கா கூட வரல. அப்புறமா பனி தள்ற வண்டி வந்துது. அவனுக்கு நேரா விரல நீட்டிச் சொன்னேன், உடனே பண்ணிட்டான், நல்ல பையன்."

ரெயாலின் கை பையைப் பிதுக்க மறந்து நின்றது. அவன் நிமிர்ந்து க்லோடெட்டைப் பார்க்கவில்லை, பார்க்காததுதான் பொறுக்கவில்லை. அழுத்து, அழுத்து… தனியாக இருந்தால் முதலில் நீங்களே போனில் அழையுங்கள் என்று ஒரு வரி உண்டு, எப்போதும் கடைசியில் சொல்வாள், அன்று சொன்னாளா? விரல் நீட்டும் பயிற்சி அப்படிக் களைகட்டிவிட்டது, நீ, சிவப்புத் தொப்பி, போன் பண்ணு, நீ, மீசைக்காரா, போன் பண்ணு என்று ஆளுக்கு ஆள் விரல் நீட்டி ஒரே கூச்சல், சனங்கள் சிரித்துக்கொண்டே கற்கிறார்கள் என்று எவ்வளவு பெருமை அவளுக்கு, அதற்குள் பீன்ஸ் வாசனை வந்தது, லியோதான் முதலில் எழுந்தான், "செத்தவங்கள அப்புறம் பாத்துக்கலாம், எனக்குப் பசிக்குது", அவள் சிரித்தபடி பொம்மையைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் இந்த மனிதனுக்கு ஒரு வழி இருந்திருக்குமா, இருந்திருக்காது என்று யாராவது அவளுக்குச் சொல்லமாட்டார்களா… ஆம்புலன்ஸ் ரேடியோவில் மருத்துவமனையிலிருந்து மருத்துவர் விசாரித்தார், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், போதும், நிறுத்திவிடுங்கள் என்றார். நிறுத்திய பிறகும் கைகள் தாமாக அசைந்தன.

"நான் சரியாத்தானே பண்ணேன்?" தெரேஸ் லியோவின் தலைமாட்டில் மண்டியிட்டு, கலைந்த முடியை ஒதுக்கிவிட்டுக் கேட்டாள். சொல்லிவிடலாம், பழி என்னுடையது என்று இப்போதே சொல்லிவிடலாம், சொன்னால் இவளுக்கு மிச்சமிருப்பது என்ன? "சரியாத்தான் பண்ணீங்க" என்றாள் க்லோடெட். தெரேஸ் தலையாட்டினாள், மாணவி மாதிரி. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இதையே எல்லாரிடமும் சொல்வாள், க்லோடெட் சொல்லிக்கொடுத்தபடியே செய்தேன் என்பாள், கேட்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரியும், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள், அவ்வளவு நல்லவர்கள் இந்த ஊர்க்காரர்கள்.

"மகளுக்குச் சொல்லணும்" என்று மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள் தெரேஸ். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த தொலைபேசியைக் கையில் எடுத்தாள், மகளின் எண் விரலிலேயே இருந்தது போலும், கண்ணாடி கூடப் போடாமல் அழுத்தத் தொடங்கினாள், இரண்டு மூன்று எண்கள் அழுத்தியிருப்பாள். விரல் நின்றது. கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்தாள், அப்புறம் திறந்திருந்த கதவை, அப்புறம் தரையில் கிடந்தவனை. க்லோடெட் சட்டென்று குனிந்து, லியோவின் நெஞ்சிலிருந்த ஒட்டுப்பட்டையை உரிக்கத் தொடங்கினாள், அது சுலபமாக வரவில்லை, பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை, எண் அழுத்தும் சத்தம் கூட.