தினம் இரண்டு வேளை சுத்தம்

முடி வெட்டுவதில் என்னைக் குறை சொல்ல இன்னும் ஒருத்தன் பிறக்கவில்லை. காது மடலில் ஒற்றை முடியைக்கூட விட்டுவைக்க மாட்டேன். அப்படிப்பட்டவன் வீட்டு நாய்க்கே காது நாறினால்? மானம் போகாதா?

துரை எந்நேரமும் தலையை உதறிக்கொண்டிருந்தான். குட்டியாக இருந்தபோது நான் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தவன். விடுவேனா? தினம் இரண்டு வேளை பஞ்சுக் குச்சியால் காதைக் குடைந்தேன், உள்முடியை இடுக்கியால் பிடுங்கினேன். சுத்தம் செய்யச் செய்ய இன்னும் சிவந்து, பழுப்பாக ஏதோ வழிந்தது. என்ன இழவோ, ஒன்றும் புரியவில்லை. சாப்பாட்டை மாற்றினேன். சோப்பைத் திட்டினேன். நேற்று குச்சியோடு போனபோது கையைக் கவ்விவிட்டான்.

"இன்னொரு தடவை கடிச்சான்னா, எங்கண்ணன் குடோன்ல கட்டிப்போடச் சொல்லிடுவேன்," என்றாள் மனைவி. சொன்னால் செய்கிறவள். உடனே துரையைத் தூக்கிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

கால்நடை டாக்டரம்மா விளக்கு வைத்த கருவியால் காதுக்குள் பார்த்தார்.

"நல்லவேளை, செவிப்பறை கிழியல. உள்ள என்ன விட்டீங்க?"

"சுத்தம்தான் பண்ணேன் டாக்டர். குச்சியால. முடியையும் எடுத்துடுவேன்."

அவர் நிமிர்ந்தார். "நாய்க் காது உள்ள போய் வளையும். குச்சி அழுக்கை அங்க தள்ளிடும். முடி புடுங்கின இடமெல்லாம் புண்ணு. முதல்ல ஈரம் தங்கி லேசா பூஞ்சை வந்திருக்கும். அதை இவ்வளவு ஆக்குனது நீங்கதான்."

சுத்தம் செய்தால் புண்ணாகுமா? "அப்ப நான் என்னதான் பண்றது?" கத்தியேவிட்டேன்.

"சொட்டு மருந்து விட்டு, காதடியை வெளியிலருந்து மெதுவா அமுக்கி விடுங்க. பத்து நாள். குச்சியைத் தொடவே கூடாது."

வீட்டில் மருந்தோடு உட்கார்ந்தேன். "துரை, வாடா ராசா." அவன் என் கையைப் பார்த்தான். மேசைக்கடியில் புகுந்து பல்லைக் காட்டினான்.

"நகருங்க. எதுக்கு அவன் உயிரை வாங்குறீங்க?" மனைவி மருந்தைப் பிடுங்கிக்கொண்டு தரையில் அமர்ந்தாள். துரை தவழ்ந்து வந்து அவள் மடியில் தலை வைத்தான். மூன்று சொட்டு. அசையவில்லை.

"பாத்தீங்களா, கடிக்கவே இல்ல. பாவம், இங்கயே இருக்கட்டும்."

அப்பாடா என்றிருந்தது. ஆசையாக ஓர் அடி வைத்தேன். துரை கண் திறந்தான், உடம்பு விறைத்தது.

"கொஞ்சம் வெளியில இருங்களேன்," என்றாள்.

போனேன்.